காதைச் சுற்றி ஒரு கோடு: ஃபேஸ்லிஃப்ட் கீறல் எங்கே போடுகிறார்கள், தழும்பு எப்படி ஆறுகிறது

ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்ட ஒருவரின் முன், பின் படங்களைப் பார்த்தால் எல்லோருடைய கண்ணும் கன்னத்துக்கும் கழுத்துக்கும்தான் போகும். தொங்கிய தாடை ஏறியிருக்கிறதா, வாயோரக் கோடு குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் அந்த அறுவை சிகிச்சையை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டுமானால் பார்க்கவேண்டிய இடம் காது. காதுக்கு முன்னால், கம்மல் போடும் சோணைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், பிடரியில் முடி தொடங்கும் இடத்தில். கத்தி போனது அங்கேதான், தழும்பு இருப்பதும் அங்கேதான். விளம்பரப் படங்களில் அந்த இடங்களை முடி மூடியிருக்கும், அல்லது முகம் நேராகத் திரும்பியிருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தழும்பே இல்லாத ஃபேஸ்லிஃப்ட் கிடையாது. தோலின் மேல்படலம் மட்டும் சிராய்த்தால் தடமில்லாமல் ஆறலாம், கத்தி அடித்தோல் வரை இறங்கிவிட்டால் யாருக்கும் தழும்போடுதான் ஆறும். தாயின் வயிற்றில் ஏறக்குறைய ஆறாவது மாதம் வரை கருவின் தோலுக்குத் தழும்பில்லாமல் ஆறும் திறன் இருக்கிறது, அதன் பிறகு அது போய்விடுகிறது. அதனால் தழும்பு எந்த இடத்தில் உட்காரும், எவ்வளவு அகலமாகும், கடைசியில் எந்த நிறத்தில் நிற்கும் என்பதைத்தான் கேட்கவேண்டும். இதில் ஒரு பகுதி, கத்தி எடுக்கும் முன் பேனாவால் கோடு வரையும்போதே முடிவாகிவிடுகிறது. இன்னொரு பகுதி, தைக்கும்போது தோலை எவ்வளவு இழுத்துத் தைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மிச்சம் உங்கள் தோலின் சுபாவமும், அடுத்த ஒரு வருடம் அதை நீங்கள் பார்த்துக்கொள்ளும் விதமும். இந்த மூன்றில் இரண்டாவதுதான் பெரியது என்பது என் கருத்து, நோயாளிகள் மிகக் குறைவாகக் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

கீறல் போடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள யோசனை எளிமையானது. முகத்தில் ஏற்கெனவே ஓர் எல்லை இருக்கும் இடத்தில், அதாவது தோலின் நிறமோ தடிப்போ மாறுகிற இடத்தில், முடி தொடங்குகிற இடத்தில், நிழல் விழுகிற மடிப்பில், இன்னொரு மெல்லிய கோடு சேர்ந்தால் கண் அதைத் தனியாகப் பிடிப்பதில்லை. கன்னத்தின் நடுவில் அதே கோடு இருந்தால் பத்தடி தூரத்தில் தெரியும். காதைச் சுற்றி இப்படிப்பட்ட எல்லைகள் வரிசையாக இருப்பதால்தான் ஃபேஸ்லிஃப்ட் கீறல் காதைச் சுற்றியே ஓடுகிறது.

நெற்றிப்பொட்டிலிருந்து தொடங்கலாம். இங்கே இரண்டு வழிகள் உண்டு. கீறலை முடிக்குள்ளேயே, சில சென்டிமீட்டர் உள்ளே கொண்டுபோகலாம், அல்லது கிருதாவின் ஓரமாக, முடி தொடங்கும் கோட்டை ஒட்டியே போடலாம். கேட்டவுடன் முதல் வழிதான் நல்லது என்று தோன்றும், முடிக்குள் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சிக்கல் என்னவென்றால், கன்னத்துத் தோலை மேலே இழுத்து மிச்சத்தை வெட்டும்போது கிருதாவும் கூடவே மேலே ஏறுகிறது, முடிக்கோடு பின்னால் நகர்கிறது. கொஞ்சம்தான் நகரும் என்றால் பரவாயில்லை. நிறைய நகர்ந்தால் கண்ணோரத்துக்கும் முடிக்கும் நடுவில் அகலமாக ஒரு வெறும் தோல் பட்டை வந்துவிடும், காதுக்கு முன்னால் கிருதாவே இருக்காது. தழும்பு மறைந்தும் முகம் ‘ஏதோ செய்துகொண்டவர்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். வெளிக்கண்ணோரத்திலிருந்து முடிக்கோடு வரை உள்ள தூரம், இழுத்த பிறகு 5 செ.மீ.க்கு மேல் போகும் என்று கணக்கிட்டால் கீறலை முடிக்கோட்டிலேயே போடுவது பல அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் போடும்போது கத்தியை நேராக இறக்காமல் சாய்த்து வெட்டுவார்கள். சாய்த்து வெட்டினால் மயிர்க்கால்கள் தழும்பின் அடியில் உயிரோடு இருக்கும், சில மாதங்களில் முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு வளரும், கோடு முடிக்குள் போய்விடும். முடிக்கு நடுவில் போகும் கீறலுக்கு வேறு விதி: அங்கே முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே கத்தியும் சாயவேண்டும், இல்லாவிட்டால் மயிர்க்கால்கள் அறுபட்டு ஒரு வழுக்கைக் கோடு நின்றுவிடும்.

அடுத்தது காதுக்கு முன்பக்கம். எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் கண் எளிதில் போகும் இடம் இதுதான், அதனால் மிகுந்த நுணுக்கம் தேவைப்படுவதும் இங்கேதான். காது மடல் கன்னத்தைத் தொடும் இடத்தில் நேர்க்கோடு எங்கேயும் இல்லை. மேலே மடலின் வேர் வளைகிறது, பிறகு ஒரு சின்ன பள்ளம், பிறகு காதுத் துளையை முன்னால் மூடி நிற்கும் குருத்தெலும்பு மேடு (இதற்கு டிராகஸ் என்று பெயர்), அதற்குக் கீழே இன்னொரு வளைவு, பிறகு சோணை. நல்ல கீறல் இந்த வளைவுகள் ஒவ்வொன்றையும் ஒட்டிப் போகும். காதுக்கு முன்னால் ஒரே நேர்க்கோடாக இறங்கினால் அது எவ்வளவு மெல்லியதாக ஆறினாலும் கண்ணில் படும்.

டிராகஸ் வரும் இடத்தில் கீறலை அதன் முன்பக்கமாக எடுத்துப்போவதா, விளிம்பிலேயே அல்லது உள்பக்கமாகப் போவதா என்று ஒரு முடிவு எடுக்கவேண்டும். உள்பக்கமாகப் போனால் தழும்பின் நடுப்பகுதி காதுக்குள் மறைந்துவிடும். பலருக்குக் கன்னத்துத் தோலும் காதுத் தோலும் வேறு வேறு நிறம், வேறு தடிப்பு என்பதால், டிராகஸின் விளிம்பிலேயே நிறம் மாறுவது இயல்பாகத் தெரியும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டிராகஸின் மேல் இருக்கும் சொந்தத் தோல் மெல்லியது, அதன் இடத்தில் இப்போது கன்னத்துத் தோல் வந்து உட்காருகிறது, அது தடிப்பானது. அடியில் உள்ள கொழுப்பை நன்றாகச் சீவி மெலிதாக்காமல் போர்த்தினால் டிராகஸ் மழுங்கிப்போகும். போதாக்குறைக்குக் கொஞ்சம் இழுத்துத் தைத்துவிட்டால், ஆறும்போது தோல் சுருங்கிச் சுருங்கி டிராகஸை முன்னால் இழுத்துவிடும், பக்கத்திலிருந்து பார்த்தால் காதுத் துளை திறந்து தெரியும். தழும்பு கண்ணுக்குத் தெரியாமலே காது விகாரமாகிப்போவது இப்படித்தான். இங்கே தோலைச் சற்றுத் தாராளமாக விட்டுத் தைப்பவர்களுக்குத்தான் நல்ல காது கிடைக்கிறது.

ஆண்களுக்குக் கணக்கே மாறும். ஆணின் காதுக்கும் தாடிக்கும் இடையே முடி இல்லாத ஒரு சின்னப் பட்டை இருக்கும். தோலை ஏற்றும்போது தாடி முளைக்கும் தோல் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும், உள்பக்கக் கீறல் போட்டிருந்தால் டிராகஸின் மேலேயே தாடி முளைக்கும். அதனால் பல ஆண்களுக்கு முன்பக்கக் கீறலே பொருத்தம், அங்கே இயல்பாகவே ஒரு மடிப்புக்கோடு இருப்பவர்களும் உண்டு. காதுக்குப் பின்னாலும் தாடித் தோல் நகர்ந்து போவதால் சிலர் அங்கேயும் சவரம் செய்யவேண்டி வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

சோணை சின்ன இடம்தான், ஆனால் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்பதை அதுதான் சொல்லும். இயல்பான சோணை கன்னத்தோடு ஒரு சின்ன இடைவெளி விட்டு உருண்டையாகத் தொங்கும். கன்னத்துத் தோலின் எடையைச் சோணையின் அடியில் கட்டிவிட்டால் சில மாதங்களில் அது கீழே இழுபட்டு, கன்னத்தோடு ஒட்டி, கூராக நீண்டுவிடும். பிக்ஸி காது என்று இதற்குத் துறையில் பெயர். அறுவை முடிந்த அன்று பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும், மெதுவாகத்தான் வெளிப்படும். கனமான தோடு, ஜிமிக்கி போட்டுத் துளை நீண்டுபோனவர்கள் அதைச் சரிசெய்வதையும் இதோடு சேர்த்துச் செய்துகொள்ள முடியும், ஆனால் அதைப் பற்றிக் கோடு வரைவதற்கு முன்பே பேசவேண்டும்.

காதுக்குப் பின்னால் கீறல், மடலும் தலையும் சேரும் மடிப்பில் மேலே ஏறுகிறது. மடிப்பிலேயே போடாமல் மடலின் பின்பக்கம் ஒரு நூல் அளவு ஏற்றிப் போடுவார்கள், ஏனென்றால் ஆறும்போது தழும்பு கீழ்நோக்கி நகரும், நகர்ந்து சரியாக மடிப்புக்குள் வந்து உட்காரும். பிறகு மடிப்பை விட்டு, முடியில்லாத தோலைக் குறுக்காகக் கடந்து பிடரி முடிக்குப் போகவேண்டும். கடக்கும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, காது மடலே அதை மறைத்துவிடும். தாழ்வாகக் கடந்தால் கொண்டை போட்டவுடன் தெரியும்.

பிடரியில் மறுபடியும் நெற்றிப்பொட்டில் வந்த அதே கேள்விதான். கழுத்துத் தோல் கொஞ்சம்தான் வெட்டப்போகிறார்கள் என்றால் கீறலை முடிக்குள் கொண்டுபோகலாம். நிறைய வெட்டவேண்டுமானால் முடிக்கோட்டின் ஓரமாகப் போவது நல்லது, இல்லாவிட்டால் மேல் ஓரத்து முடியும் கீழ் ஓரத்து முடியும் ஒன்றுக்கொன்று சேராமல், பிடரி முடிக்கோடு நடுவில் படிக்கட்டு வைத்ததுபோல் உடைந்து தெரியும். முடியை எப்போதும் விரித்து விடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நம் ஊரில் பெண்கள் பின்னலோ கொண்டையோ போட்டு, காதும் பிடரியும் வெளியே தெரியும்படி இருப்பதுதான் வழக்கம், ஆகவே மருத்துவரிடம் போகும்போது தினமும் எப்படி முடி கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். அப்புறம் இன்னொன்று, திருப்பதிக்கோ பழனிக்கோ மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், முடிக்குள் போட்ட கீறல் அன்றைக்கு முழுசாகத் தெரியும்.

இது தவிர, கழுத்தின் நடுவில் தளர்ந்த பிளாட்டிஸ்மா தசையைச் சேர்த்துத் தைக்கவேண்டியிருந்தால் முகவாய்க்கு அடியில் ஒரு சின்னக் குறுக்குக் கீறல் இருக்கும். பொதுவாக அது நன்றாகவே ஆறிவிடும்.

சரி, இப்போது இழுவிசைக்கு வருவோம், இதைச் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1901-ல் பெர்லினில் ஓய்கென் ஹாலெண்டர் செய்ததைத்தான் முதல் ஃபேஸ்லிஃப்ட் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் செய்தது என்ன? காதோரத்திலும் முடிக்கோட்டிலும் துண்டு துண்டாகத் தோலை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் இழுத்துத் தைத்தார்கள், அவ்வளவுதான். பாரிஸில் சுசான் நோயல் இப்படிச் சிறு சிறு வெட்டுகளைத் தன் வீட்டிலேயே வைத்துச் செய்தார், வந்தவர்கள் அன்றே எழுந்து போனார்கள். பிறகு தோலை அகலமாக உரித்துத் தூக்கி இழுக்கும் முறை வந்தது. ஆனாலும் பல பத்தாண்டுகள் மொத்தப் பாரத்தையும் தோலே சுமந்தது. தோல் மீள்தன்மை உள்ள பொருள், இழுத்து வைத்தால் நாளடைவில் நீண்டு கொடுத்துவிடும். முகம் மறுபடி தொங்கும், அந்த இழுப்பெல்லாம் போய்ச் சேர்ந்த தையல் ஓரம் மட்டும் அகலமான தழும்பாக நிற்கும். இறுக்கமாகத் தைத்த ரவிக்கையில் துணி கிழியாமல் தையல் ஓரம் இழுபட்டு வாய் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள், நடப்பது அதுதான்.

1970-களில்தான் நிலைமை மாறியது. ஸ்வீடனில் டோர்ட் ஸ்கூக், தோலோடு அதன் அடியில் உள்ள திசுப் படலத்தையும் சேர்த்துத் தூக்கிக் காட்டினார். 1976-ல் பாரிஸைச் சேர்ந்த மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவரும் அந்தப் படலத்தை உடற்கூறியல் முறையில் விவரித்து எழுதினார்கள், இன்று எல்லா மருத்துவர்களும் ஸ்மாஸ் என்று சொல்வது அதைத்தான். கழுத்தின் பிளாட்டிஸ்மா தசையோடு தொடர்ச்சியாக இருக்கும் உறுதியான படலம் அது. 1990-ல் அமெரிக்காவின் சாம் ஹாம்ரா, அந்தப் படலத்துக்கும் அடியில் போய்த் தூக்கும் ‘டீப் பிளேன்’ முறையை வெளியிட்டார். எந்த முறை உசத்தி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதற்குள் நான் போகவில்லை. தழும்பைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றுக்கும் பொதுவான பாடம் ஒன்று: பாரத்தை ஆழத்தில் உள்ள படலம் சுமக்கவேண்டும், தோல் அதன்மேல் சும்மா படிந்து, மிச்சமானது மட்டும் வெட்டப்பட்டு, ஓரங்கள் தாமாகவே தொட்டுக்கொள்ளும் நிலையில் தைக்கப்படவேண்டும். தையல் போடும் முன்பே இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தழும்பு அநேகமாக நூல் போல ஆறும். இழுத்துப் பிடித்தால்தான் சேர்கிறது என்றால், எவ்வளவு மெல்லிய நூலில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் பயனில்லை.

ஆறும் விதத்தைப் பார்ப்போம். முதல் சில நாட்கள் வீக்கமும் அழற்சியும். நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து நார்த்திசு செல்கள் வந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழையைக் கொட்டத் தொடங்கும், அவசரத்துக்குப் போடும் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜன் அதில் அதிகம். காதுக்கு முன்னால் உள்ள தையலை ஐந்து முதல் ஏழு நாளில் எடுத்துவிடுவது வழக்கம். அதற்கு மேல் விட்டால் நூல் தோலுக்குள் போகும் துளைகளைச் சுற்றியும் தோல் வளர்ந்து, கோட்டின் இருபக்கமும் புள்ளி புள்ளியாகத் தடம் நின்றுவிடும், ரயில் தண்டவாளத் தழும்பு என்பார்கள். பின்பக்கத் தையலும் முடிக்குள் உள்ள ஸ்டேபிள் பின்களும் இன்னும் சில நாள் கழித்து எடுக்கப்படும்.

தையல் எடுத்தவுடன் பலர் ஆறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு வாரம் ஆன காயத்துக்கு அசல் தோலின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று வாரத்தில் 20, 30 சதவீதம் வரும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம், அதற்கு மேல் அது போவதில்லை, எத்தனை வருடம் ஆனாலும். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் ஓரங்கள் இழுபட்டால் தழும்பு அகலமாகும்.

பயப்படவைக்கும் கட்டம் ஒன்று நடுவில் வரும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் மெல்லியதாக, நன்றாக இருந்த கோடு ஆறாவது வாரம் வாக்கில் சிவந்து, தடித்து, கொஞ்சம் மேடாகி, அரிக்கவும் செய்யும். கெட்டுப்போய்விட்டது என்று பதறுவார்கள். உண்மையில் அந்தச் சமயத்தில் கொலாஜன் அதிகமாகக் குவிந்து, புது ரத்தநாளங்களும் நிறைய இருக்கும், அதனால்தான் அந்தச் சிவப்பு. பிறகு மெதுவாக மூன்றாம் வகைக் கொலாஜன் கரைந்து உறுதியான முதல் வகை வரும், இழைகள் ஒழுங்காகும், நாளங்கள் ஒடுங்கும், கோடு தட்டையாகி வெளுக்கும். இதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு இன்னும் அதிகம். அதுவரை கடைசித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதே காலத்தில் காது மடலும் அதைச் சுற்றியும் மரத்துப்போயிருக்கும். அந்தப் பகுதிக்கு உணர்ச்சி தரும் பெரிய காது நரம்பு கழுத்தில் தோலுக்கு மிக அருகில் போகிறது, ஃபேஸ்லிஃப்டில் அடிக்கடி காயப்படும் நரம்பு அதுதான். நரம்பு முழுதாக இருந்தாலும், தோலை உரித்துத் தூக்கும்போது சிறு கிளைகள் அறுபடுவதால் சில வாரம், சில மாதம் மரப்பு இருக்கும். ஹேர் டிரையர், ஒத்தடப் பை போன்ற சூடான எதையும் அங்கே வைக்கக்கூடாது, சுட்டாலும் தெரியாது.

மோசமாக ஆறும் இடம் எது என்று கேட்டால் காதுக்குப் பின்பக்கம்தான். உரித்துத் தூக்கிய தோலுக்கு ரத்தம் கன்னத்தின் பக்கமிருந்து வருகிறது. காதுக்குப் பின்னால் உள்ள ஓரம் அதற்கு வெகு தூரம், அதிகம் இழுபடுவதும் அதே ஓரம். தோல் கறுத்துச் செத்துப்போவது, தடித்த தழும்பு வருவது இரண்டுமே அங்கே அதிகம். நல்லவேளையாக அது மறைவான இடம். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு: 1984-ல் தாமஸ் ரீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புகைபிடிப்பவர்களுக்குத் தோல் செத்துப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 12 மடங்கு இருந்தது. நிகோட்டின் சிறு ரத்தநாளங்களைச் சுருக்குகிறது, ஏற்கெனவே கடைக்கோடியில் இருக்கும் தோலுக்கு வரும் கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடுகிறது. நான்கு வாரமாவது முன்பிருந்தே நிறுத்தச் சொல்வார்கள். நிகோட்டின் சூயிங்கமும் புகையிலைப் பாக்கும் இதே கணக்கில்தான் சேரும், பீடி, சிகரெட் மட்டும் என்று நினைத்துவிடவேண்டாம். ரத்த அழுத்தமும் அப்படி. முதல் நாளில் அழுத்தம் எகிறினால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும், ஆண்களுக்கு இது அதிகம், கட்டிய ரத்தம் தோலை உள்ளிருந்து தள்ளித் தையலை இழுக்கும், உடனே கவனித்து எடுக்காவிட்டால் மேலே உள்ள தோலே போய்விடலாம்.

இனி நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு உரிய விஷயம். தடித்த தழும்பும் கீலாய்டும் ஒன்றல்ல. தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே மேடாகி, பல மாதங்களில் தானே கொஞ்சம் இறங்கும். கீலாய்டு காயத்தின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் வளரும், தானாக இறங்காது, வெட்டி மட்டும் எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். கறுத்த, மாநிறத் தோலில் இது அதிகம் வரும், காதுச் சோணையும் தாடை ஓரமும் அது அடிக்கடி வரும் இடங்கள். காது குத்திய இடத்தில் உருண்டையாகக் கட்டி வளர்ந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். உங்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ அப்படி வந்திருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், பழைய அம்மைத் தடுப்பூசித் தழும்பையும் பிரசவ அறுவைத் தழும்பையும்கூடக் காட்டுங்கள், உங்கள் தோல் எப்படி ஆறும் என்பதற்கு அவையும் சாட்சி. இதில் ஒரு நிம்மதியும் உண்டு. கீலாய்டு பெரும்பாலும் இளம் வயதில், பத்திலிருந்து முப்பது வயதுக்குள்தான் அதிகம் கிளம்புகிறது, ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்பவர்கள் அதைத் தாண்டியவர்கள். வயதான தோலில் இழுப்பும் குறைவு, அழற்சியும் அடக்கம், அதனால் ஐம்பதிலும் அறுபதிலும் தழும்பு பொதுவாக மெல்லியதாகவே ஆறுகிறது.

நம் தோலில் கீலாய்டைவிட அதிகமாகப் பார்ப்பது நிறம் படிவது. அழற்சி வந்த இடத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகமாகச் சுரந்து, கோடு மெல்லியதாக இருந்தாலும் பழுப்பாக நிற்கும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும். பல மாதங்களில் குறையும், ஆனால் அதுவரை வெயிலிலிருந்து காப்பாற்றவேண்டும். சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், காதுக்கு முன்னாலும் சோணைக்கு அடியிலும் சேர்த்துப் போடவேண்டும், முகத்துக்குப் போடுகிறவர்கள் காதை மறந்துவிடுவார்கள். நிறம் போக்குவதாகச் சொல்லி மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களை அங்கே தடவவேண்டாம், சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து, ரத்தநாளங்கள் தெரிந்து, புதிதாக ஒரு பிரச்சினை வரும். தையல் போட்ட காயத்தில் மஞ்சளோ எண்ணெயோ வீட்டு வைத்தியமோ வேண்டாம்.

பராமரிப்பில் நிரூபணம் ஓரளவு நன்றாக உள்ளது சிலிகான்தான், ஜெல்லாகவோ பட்டையாகவோ. காயம் முழுதாக மூடிய பிறகு, ஏறக்குறைய இரண்டு வாரத்திலிருந்து தொடங்கி, தினமும் பாதி நாளுக்கு மேல் இருக்கும்படி இரண்டு மூன்று மாதமாவது போடச் சொல்வார்கள். காதின் வளைவில் பட்டை ஒட்டாது, ஜெல்தான் வசதி. வைட்டமின் ஈ எண்ணெய் தழும்பைக் குறைக்கும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள், சோதித்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை, சிலருக்கு ஒவ்வாமை வந்ததுதான் மிச்சம். தழும்பு தடிக்கத் தொடங்கினால் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை நேராகத் தழும்புக்குள் போடுவார்கள், சில வார இடைவெளியில் பல தடவை. சிவப்பு போகாமல் நின்றால் ரத்தநாளங்களைக் குறிவைக்கும் பல்ஸ்டு டை லேசர் உதவும், ஆனால் மாநிறத் தோலில் லேசரே நிறத்தைக் கிளப்பிவிடலாம், அனுபவம் உள்ளவரிடம் மட்டும்.

அன்றாட விஷயங்களில் ஹெல்மெட்டை யாரும் நினைப்பதில்லை. அது காதின் முன்னும் பின்னும் சரியாகத் தையலின் மேலேயே அழுத்தி உரசும், போடும்போதும் கழற்றும்போதும் சோணையை இழுக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுங்கள் என்று சொல்லவில்லை, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இருசக்கர வண்டியையே ஓட்டவேண்டாம் என்கிறேன். கண்ணாடிக் கம்பி, முகக்கவசத்தின் காது நாடா இரண்டும் பின்பக்க மடிப்பில் உரசும். தலைக்குச் சாயம் போடுகிறவர்கள் அறுவைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், ஆறாத தோலில் சாயம் பட்டால் எரியும், ஒவ்வாமையும் வரலாம், மறுபடி போடச் சில வாரம் காத்திருக்கவேண்டும். நெற்றிப்பொட்டில் சில வாரம் கழித்து முடி உதிர்ந்தால் உடனே பயப்படவேண்டாம், அதிர்ச்சியில் உதிரும் முடி மூன்று நான்கு மாதத்தில் திரும்பி முளைக்கும். இழுத்துத் தைத்ததால் மயிர்க்கால் செத்துப்போயிருந்தால்தான் முளைக்காது.

‘சின்னத் தழும்பு ஃபேஸ்லிஃப்ட்’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பொய்யில்லை, அப்படி உண்டு. 2002-ல் பெல்ஜியத்தின் டோனார்ட், வெர்பேல் இருவரும் வெளியிட்ட மாக்ஸ் லிஃப்ட் அதில் பெயர்பெற்றது, கீறல் சோணையோடு நின்றுவிடும், காதுக்குப் பின்னால் போகாது, ஆழத்தில் உள்ள படலத்தைத் தையல்களால் மேல்நோக்கித் தூக்குவார்கள். கழுத்துத் தோல் அதிகம் தொங்காதவர்களுக்கு நல்ல முறை. ஆனால் கழுத்தில் தோல் நிறைய மிச்சம் இருப்பவருக்கு இதைச் செய்தால் அந்த மிச்சம் போக இடமில்லாமல் சோணைக்குக் கீழே கொசகொசவென்று சுருங்கி நிற்கும். தழும்பின் நீளத்தை முடிவு செய்வது எவ்வளவு தோல் வெட்டவேண்டும் என்பதுதான், விளம்பரம் அல்ல. நீளமாக இருந்து மெல்லியதாக ஆறிய தழும்பு, குட்டையாக இருந்து இழுபட்ட தழும்பைவிட எவ்வளவோ மேல்.

அதனால் ஆலோசனைக்குப் போகும்போது பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும், முடியை ஒதுக்கி எடுத்த, ஒரு வருடம் கழிந்த படங்களைக் கேளுங்கள், உங்கள் நிறத்துத் தோல் உள்ளவர்களின் படங்களாக இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி முன் உட்காரவைத்துக் கீறலை உங்கள் காதிலேயே வரைந்து காட்டச் சொல்லுங்கள். டிராகஸின் முன்னாலா, உள்ளேயா, ஏன்? கிருதா எவ்வளவு ஏறும்? பிடரியில் எங்கே முடியும்? இழுப்பைச் சுமப்பது எது, தோலா, படலமா? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் காதைக் கொடுக்கவேண்டாம்.

சரியாக ஆறாத தழும்பைத் திருத்த முடியுமா என்றால், முடியும், ஆனால் அவசரப்படக்கூடாது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தோல் தளர்ந்து கொடுக்கும், அதற்கு முன் வெட்டினால் மறுபடியும் அதே இழுப்பில்தான் தைக்கவேண்டி வரும். தளர்ந்த பிறகு பழைய கோட்டை வெட்டி எடுத்து இழுப்பில்லாமல் சேர்க்கலாம், பிக்ஸி காதையும் பிரித்து உருண்டையாக்கலாம், வழுக்கைக் கோட்டில் முடி நடலாம். பல வருடம் கழித்து இரண்டாவது ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்பவர்களுக்கும் பெரும்பாலும் பழைய தழும்பையே வெட்டி எடுத்துவிட்டு அதே கோட்டில்தான் போகிறார்கள். முதல் தடவை கோடு தப்பான இடத்தில் போயிருந்தால் அதைச் சரியான இடத்துக்கு நகர்த்த அப்போது ஒரு வாய்ப்புக் கிடைக்கும், ஆனால் அதற்கு மிச்சத் தோல் இருக்கவேண்டும், முதல் தடவையே நிறைய வெட்டிவிட்டால் அது இருக்காது.